கனவிற் கண்ட கணினி

கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் செய்து முடிக்கப்பட்ட பொருள்களிலிருந்தே தொடங்குவர். நீராவி எந்திரம் எப்பொழுது ஓடிற்று, தொலைபேசி எப்பொழுது பேசிற்று, ஆகாய விமானம் எப்பொழுது பறந்தது என ஆண்டுகளை நிரைப்படுத்திச் செல்வது அவர் வழக்கம். ஆயின், செய்யப்படாத கருவிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. கைக்கு எட்டாத ஒரு பொருளை மனத்தில் வரைந்து, அதன் அளவு இன்னது, நிறை இன்னது, அது மனிதனுக்கு ஆற்றவேண்டிய பணி இன்னது என முன்கூட்டியே வகுத்து வைத்தோர் உளர். ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு கணினி அமையின் அஃது எவ்வாறிருத்தல் வேண்டும் என்று அமெரிக்க நாட்டு அறிஞர் மூவர் கண்ட கனவு அத்தகைய வரலாறுகளுள் ஒன்று. அக்கனவு 1945 இல் தோன்றி 1972 இல் முழுவடிவம் பெற்றது. கருவியோ பின்னரே வந்தது. வந்த கருவி கண்ட கனவுக்கு ஒப்பானதுதானா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இதனை விளங்கிக்கொள்வதற்குப் புத்தகத்தின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி துணைசெய்யும். ஜேர்மனியிற் கூட்டன்பேர்க் விவிலிய நூலை அச்சிட்டு முடித்தது 1455 ஆம் ஆண்டளவில். அச்சுக்கலை பரவிய முதல் நாற்பது ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த இலக்கிய நூல்களுட் பல, மேசைமீது வைத்து வாசிக்கத்தக்க பருத்த ஏடுகளாகவே இருந்தன. 1501 இல் வெனிஸ் நகரத்து அச்சாளரான ஆல்டஸ் மனூசியஸ், உரோமப் பெருங்கவிஞராகிய வேர்ஜிலின் நூலைக் கையடக்கமான சிறிய அளவில் அச்சிட்டார். குதிரையிற் செல்பவன் தன் பையிலே கொண்டுசெல்லத்தக்க புத்தகம் அது. பாட்டு மாறவில்லை. ஆயினும், நூல் இருக்கும் இடத்துக்கு மனிதன் செல்லவேண்டிய நிலைமை நீங்கி, மனிதன் செல்லும் இடத்துக்கு நூல் செல்லும் நிலைமை உண்டாயிற்று. எதனை, எங்கே, எப்பொழுது வாசிப்பது என்னும் உரிமை வாசிப்பவன் கையில் வந்து சேர்ந்தது.

கணினியின் தொடக்கமும் மேசைப் புத்தகத்தின் தொடக்கத்தைப் போன்றதே. 1946 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திற் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உலகுக்குக் காட்டப்பட்ட 'எனியாக்' என்னும் இலத்திரனியற் பொறி ஏறத்தாழ 30 தொன் நிறையுடையது. ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழாய்கள் அதனுள் எரிந்தன. பீரங்கிக் குண்டு செல்லும் வழியைக் கணிப்பதற்கென இராணுவத்தின் செலவில் அமைந்த அப்பொறிக்கு ஒரு பெரிய மண்டபமே வேண்டியிருந்தது. அதனை அணுகும் உரிமை மிகச் சிலருக்கே இருந்தது. பின்வந்த இருபது ஆண்டுகளிலும் நிலைமை பெரிதும் மாறவில்லை. கணினியிடம் வினாவைக் கொண்டுசெல்வோர், துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கட்டிப் பணியாளரிடம் ஒப்படைத்துவிட்டு, விடைக்காக மணிக்கணக்கிற் காத்திருந்தனர். அந்நாளில், ஒவ்வொருவர் கையிலும் ஒரு கணினி இருத்தல் வேண்டும் என ஒருவர் கூறுவது, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புகைவண்டி நிலையம் வேண்டும் எனக் கூறுவதற்கு ஒப்பாகும்.

எனினும் அதற்கு முன்னரே கனவு தொடங்கிவிட்டது. மூவருள் முதல்வர் வனீவர் புஷ். 1890 இற் பிறந்த இவர் மின்பொறியியல் அறிஞர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க அரசாங்கத்தின் விஞ்ஞான ஆராய்ச்சி அலுவலகத்துக்குத் தலைமை தாங்கி, ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகளின் உழைப்பை நெறிப்படுத்தியவர். போர் முடியுந் தறுவாயில் அவரை ஒரு கவலை பற்றிக்கொண்டது. அறிவு நாளுக்கு நாள் மலைபோற் குவிகின்றது. ஆனால் வேண்டிய அறிவை வேண்டிய வேளையில் எடுத்துக்கொள்ளும் வழி பழையதாகவே இருக்கின்றது என்பதே அக்கவலை. மெண்டல் என்னும் துறவி பாரம்பரியத்தின் விதிகளைக் கண்டறிந்து 1866 இல் வெளியிட்டார். 1900 ஆம் ஆண்டுவரை அதன் பெருமையை உலகம் உணரவில்லை. உண்மை கண்டறியப்பட்டிருந்தும், அதனை விளங்கவல்லவர் கண்ணிற் படவில்லை. இத்தகைய இழப்பு மீண்டும் மீண்டும் நிகழ்கின்றது எனப் புஷ் எடுத்துக்காட்டினார்.

1945 ஆம் ஆண்டு யூலை மாதத்து 'அத்திலாந்திக் மந்திலி' என்னும் சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரையில் 'மெமெக்ஸ்' என்னும் கற்பனைக் கருவி ஒன்று வருகின்றது. பார்வைக்கு அது ஒரு மேசை. மேசையின் மேற்பரப்பிற் சாய்ந்த ஒளித்திரைகள் உள. ஒரு விசைப்பலகையும், சில பொத்தான்களும், நெம்புகளும் உள. மேசையினுள்ளே நூல்கள், கடிதங்கள், குறிப்புகள் யாவும் நுண்படச் சுருள்களாக அடுக்கப்பட்டிருக்கும். பெருங் கலைக்களஞ்சியம் ஒன்றனைத் தீப்பெட்டியளவுக்குச் சுருக்கிவிடலாம் என அவர் கணக்கிட்டார். நாளொன்றுக்கு 5000 பக்கங்களை உள்ளே இட்டாலும், அது நிரம்புவதற்குப் பல நூறு ஆண்டுகள் செல்லும் என்றார்.

ஆயினும், கொள்ளளவு பற்றிய இக்கணக்கன்று அக்கட்டுரையின் உயிர். மனித மனம் அகரவரிசையில் நினைப்பதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொடர்பு பற்றித் தாவுகின்றது. மழையை நினைத்தால் மண்வாசனையும், மண்வாசனையை நினைத்தால் பிறந்த ஊரும் நினைவுக்கு வருதல் போன்றது அது. எனவே, மெமெக்ஸ் மேசையின் முன் அமர்ந்தவர் இரண்டு பக்கங்களை அருகருகே கொணர்ந்து, பொத்தானை அழுத்தி அவற்றைப் பிணைத்துவிடலாம். சிலுவைப் போர்களிற் குறுகிய துருக்கிய வில் நெடிய ஆங்கில வில்லை வென்றது ஏன் என ஆராய்பவர் ஒருவரைப் புஷ் உதாரணமாகக் காட்டுகின்றார். அவர் வரலாற்று நூலில் ஒரு பக்கத்தை எடுக்கின்றார். பொருள்களின் மீள்சக்தியைக் கூறும் பௌதிக நூலில் வேறொரு பக்கத்தை எடுக்கின்றார். தம் கைப்படக் குறிப்பொன்றும் எழுதிச் சேர்க்கின்றார். அவர் சென்ற வழி ஓர் ஒற்றையடிப் பாதையாக மேசையினுள் நிலைத்துவிடுகின்றது. ஆண்டுகள் கழிந்து நண்பர் ஒருவர் வினவும்போது, அப்பாதை முழுவதையும் படியெடுத்து நண்பருடைய மேசைக்குக் கொடுத்துவிடுகின்றார். இவ்வாறு பாதை வெட்டிக் கொடுப்பதே ஒரு தொழிலாகவும் ஆகும் எனப் புஷ் எதிர்பார்த்தார். நேயர்கள் ஈண்டுக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. மெமெக்ஸ் மேசையின் முன் இருப்பவர் வாசிப்பவர் மட்டும் அல்லர்; பாதை அமைப்பவரும் அவரே.

மெமெக்ஸ் ஒருநாளும் செய்யப்படவில்லை. ஆனால் அதனைப் பற்றிய கட்டுரை கடல் கடந்து சென்றது. போர் முடிந்த வேளையில், பிலிப்பைன் தீவுகளுள் ஒன்றாகிய லெய்த்தேயில், அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தாயகம் திரும்பும் நாளை நோக்கியிருந்தார். றேடார்க் கருவிகளைப் பேணுவது அவர் தொழில். மூங்கிற் கால்களின்மீது ஓலை வேய்ந்து நின்ற குடில் ஒன்றிற் செஞ்சிலுவைச் சங்கத்தார் நடத்திய நூலகம் இருந்தது. அங்கே புஷ்ஷின் கட்டுரை அவர் கையிற் கிடைத்தது. அவர் பெயர் டக்ளஸ் எங்கல்பார்ட். 1925 இற் பிறந்தவர். அப்பொழுது வயது இருபது. எறிகணைகளையும் விமானங்களையும் திரையிற் காட்டும் றேடாரை நாள்தோறும் கண்டவருக்கு, அறிவையும் அவ்வாறே திரையிற் காட்டலாம் என்பது விந்தையாகத் தோன்றவில்லை.

இவ்விடைக் காலத்திற் கருத்துலகிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1960 இல் லிக்லைடர் என்னும் உளவியலறிஞர், மனிதனும் கணினியும் ஒன்றையொன்று சார்ந்து வாழும் உயிர்களைப் போல இணைந்து தொழிற்படவேண்டும் என ஒரு கட்டுரை எழுதினார். அதற்குமுன் அவர் தம் வேலை நேரத்தைத் தாமே குறித்துப் பார்த்திருந்தார். சிந்திப்பதற்கெனத் தாம் ஒதுக்கிய நேரத்தில் ஏறத்தாழ 85 சதவீதம், தகவலைத் தேடுவதிலும், கணக்கிடுவதிலும், வரைபடம் கீறுவதிலுமே கழிவதை அவர் கண்டார். சிந்தனைக்கு எஞ்சியது சிறிதே. அந்தப் பாரத்தைப் பொறி சுமக்குமாயின் மனிதன் சிந்திக்கலாம் அன்றோ?

எங்கல்பார்ட் கலிபோர்னியாவிலுள்ள ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்து, 1962 இல் மனித அறிவின் ஆற்றலைப் பெருக்குதல் பற்றிய நீண்ட அறிக்கை ஒன்றை எழுதினார். அதிலே எளிய பரிசோதனை ஒன்று கூறப்படுகின்றது. எழுதுகோல் ஒன்றுடன் செங்கல்லைக் கட்டி, அதைக்கொண்டு எழுதச் செய்தார். எழுதும் வேகம் குன்றியது, எழுத்தும் குலைந்தது. எழுதுகோல் செங்கல்லைப் போற் பாரமானதாக இருந்திருப்பின், மக்கள் எழுதிய நூல்கள் எத்தனை குறைந்திருக்கும்? ஆகவே, கையிலுள்ள கருவி எண்ணத்தின் போக்கையே மாற்றுகின்றது என்பது அவர் முடிவு. கருவி சிறக்குமாயின் எண்ணமும் சிறக்கும் என்பது அதன் மறுபுறம்.

1968 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 9 ஆந் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரத்திற் கூடிய கணினியியலாளர் மாநாட்டில், ஏறத்தாழ ஆயிரம்பேர் முன்னிலையில், எங்கல்பார்ட் தம் முயற்சியைக் காட்டினார். கடைக்குச் சென்று வாங்கவேண்டிய பொருள்களின் பட்டியல் ஒன்றைத் திரையில் எழுதினார், அதனை வகைப்படுத்தினார், சொற்களை இடம் மாற்றினார், ஒரு சொல்லைத் தொட்டு வேறொரு பக்கத்துக்குச் சென்றார். அவர் வலக்கையின் கீழ்ச் சிறு பெட்டி ஒன்று உருண்டது. அதுவே பின்னாளில் உலகெங்கும் மேசைதோறும் இடம்பெற்ற சுட்டி. ஏறத்தாழ 30 மைலுக்கு அப்பாலிருந்த அவருடைய கூட்டாளிகளின் முகம் திரையிலே தோன்ற, இருசாராரும் ஒரே பக்கத்தில் ஒருங்கே வேலைசெய்தனர். தொண்ணூறு நிமிடம் கழிந்து அவை எழுந்துநின்று கைகொட்டிற்று.

எங்கல்பார்ட் அமைத்த பொறியைக் கையாளுவதற்குப் பயிற்சி வேண்டியிருந்தது. பழகுவதற்குக் கடினம் எனச் சிலர் குறைகூறினர். அதற்கு அவர் துவிச்சக்கர வண்டியை உவமையாகக் காட்டுவார். மூன்று சில்லு வண்டியிற் குழந்தை ஏறிய உடனே ஓட்டலாம். இரண்டு சில்லு வண்டியோ விழுந்தெழுந்து பழகவேண்டும். ஆனால் வளர்ந்தவர் எவரும் நெடுந்தூரம் செல்வதற்கு மூன்று சில்லு வண்டியை நாடுவதில்லை. கருவி எளிதாயிருத்தல் ஒன்றே அதன் சிறப்பு ஆகாது. அதனைக் கையாளுபவனை அது எவ்வளவு தூரம் கொண்டுசெல்கின்றது என்பதே அளவுகோல் என்பது அவர் கொள்கை.

அன்று அந்த அவையில் இருந்தவர்களுள் ஒருவர் அலன் கே. 1940 இற் பிறந்த இவர் அப்பொழுது யூட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். மேசைமீது வைக்கத்தக்க கணினி ஒன்றை ஒரு நண்பருடன் கூடி வடிவமைத்துக்கொண்டிருந்தார். ஆயினும், சாதாரண மக்களுக்கு அது விளங்காத பொறியாகவே இருந்ததை அவர் உணர்ந்தார். அதே 1968 இல் இரு காட்சிகள் அவர் எண்ணத்தைத் திருப்பின. இலினோய் பல்கலைக்கழகத்தில், கண்ணாடித் துண்டு ஒன்றினுள் அடைத்த வாயு கட்டளைக்கேற்பப் புள்ளி புள்ளியாக ஒளிர்வதை அவர் கண்டார். ஓர் அங்குலச் சதுரமே அது, ஆனாற் தட்டையானது. மசாசூசெற்சில் சீமோர் பப்பேட் என்னும் கணித அறிஞர், 'லோகோ' என்னும் கணினி மொழியிற் சிறுவர்கள் தாமே செய்நிரல் எழுதக் கற்பித்துக்கொண்டிருந்தார். வளர்ந்தோரே அஞ்சிய பொறியிடம் சிறுவர் தம் கட்டளையை இட்டு, பிழைத்ததைத் திருத்தி, மீண்டும் இட்டனர்.

இந்த இரண்டும் அலன் கேயின் மனத்தில் ஒன்றுகூடின. கணினி பெரிய அலுவலகத்தின் பொறியாக இருக்கவேண்டியதில்லை. அது ஒரு புத்தகமாக இருத்தல் வேண்டும். அதுவும் பிள்ளையின் கையிலுள்ள புத்தகமாக இருத்தல் வேண்டும். அவர் ஆல்டஸ் மனூசியஸை நினைத்துப் பார்த்தார். பின்னர் அட்டையை வெட்டி, ஒட்டி, தம் கற்பனைக் கணினிக்கு ஒரு மாதிரி செய்தார். உள்ளே எவ்வித பொறியும் இல்லை. எவ்வளவு நிறை இருந்தாற் கையிற் கொண்டு திரியலாம் என அறிவதற்காக, அதனுள் ஈயக் குண்டுகளைக் கொட்டித் தூக்கிப் பார்த்தார். உலகிற் பொறியியலாளர் பலர் தம்மிடமுள்ள பொருளை வைத்துக்கொண்டு, அதனால் எதைச் செய்யலாம் என ஆராய்வர். அலன் கே மனிதனின் கையை வைத்துக்கொண்டு, அக்கைக்கு எது பொருந்தும் என ஆராய்ந்தார்.

1970 இற் செரொக்ஸ் நிறுவனம் கலிபோர்னியாவிற் பாலோ அல்ட்டோ என்னுமிடத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கிற்று. அங்கே சேர்ந்த அலன் கே, 1972 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், எல்லா வயதுப் பிள்ளைகளுக்கும் ஏற்ற தனியாட் கணினி என்னும் பொருளில் ஒரு கட்டுரை வாசித்தார். அதில் அவர் வருணித்த கருவிக்கு 'டைனாபுக்' என்று பெயர். உயிருள்ள புத்தகம் எனத் தமிழிற் கூறலாம். அதன் இலக்கணத்தை அவர் எண்ணாற் குறித்தார். அளவு, மாணவரின் குறிப்புப் புத்தகத்தை விஞ்சலாகாது. நிறை, 4 இறாத்தலுக்கு உட்பட்டிருத்தல் வேண்டும். திரையில் அச்செழுத்தின் தெளிவுடன் குறைந்தது 4000 எழுத்துக்கள் தோன்றுதல் வேண்டும். ஏறத்தாழ 500 பக்க நூலுக்கு இணையான பத்து இலட்சம் எழுத்துக்களை அது சேமித்தல் வேண்டும். விலை 500 டொலருக்கு மேற்படலாகாது. அக்காலத்துக் கணினிகள் பெரும் பொருட் செலவில் அறைகளை நிரப்பியிருந்தமையை எண்ணுங்கால், இந்த இலக்கணத்தைக் கேட்டோர் நகைத்திருப்பின் வியப்பில்லை.

அக்கட்டுரையின் தொடக்கத்தில் ஒரு சிறு கதை வருகின்றது. பெத், ஜிம்மி என்னும் ஒன்பது வயதுப் பிள்ளைகள் இருவர் புற்றரையிற் கிடந்து, தத்தம் டைனாபுக்கில் விண்கப்பற் போர் விளையாடுகின்றனர். விளையாட்டு அலுத்துவிடுகின்றது. விண்வெளியிற் சூரியன் ஒன்று இருந்தால் அது கப்பல்களை இழுக்கும் அன்றோ, அந்த இழுப்பு இவ்விளையாட்டில் இல்லையே என்னும் ஐயம் எழுகின்றது. ஆசிரியரிடம் செல்கின்றனர். பிள்ளைகள் தம்மையறியாமலே நியூற்றனின் வாயிலில் வந்து நிற்பதை ஆசிரியர் காண்கின்றார்; ஆயினும் விடையைக் கூறிவிடவில்லை; தேடும் இன்பத்தை அவர்களுக்கே விட்டுவிடுகின்றார். கருவியின் வழியாக நூலகத்துடன் தொடர்புகொண்டு அவர்கள் தேடுகின்றனர். பின்னர் பெத் விளையாட்டின் செய்நிரலை மாற்றி, அதில் ஒரு சூரியனை வைக்க முயல்கின்றாள். இதுதான் டைனாபுக்கின் நோக்கம். விளையாட்டை விளையாடும் பிள்ளை, விளையாட்டைத் திறந்து பார்த்து, அதன் உலகத்தின் விதியையே மாற்றி எழுதும் பிள்ளையாகின்றது. அவ்வாறு எழுதும்போது வானியலும் கணிதமும் அதன் சொந்த அறிவாகின்றன.

டைனாபுக்கைச் செய்யத்தக்க தட்டைத் திரைகளும் நுண்சில்லுகளும் அன்று இல்லை. ஆதலின், 1973 இல் அந்நிலையத்தார் 'அல்ட்டோ' என்னும் கணினியை இடைக்கால டைனாபுக்காகக் கொண்டனர். மேசைக்கு மேலே ஒரு காகிதப் பக்கத்தின் வடிவான திரையும், கீழே சிறு அலமாரி போன்ற பொறியும் கொண்டது அது. அயற் பாடசாலைகளின் மாணவர்கள் அங்கே வந்து பயின்றனர். அடெல் கோல்ட்பேர்க் என்னும் அறிஞரும் அலன் கேயும் 1977 இல் வெளியிட்ட கட்டுரை, அப்பிள்ளைகளின் ஆக்கங்களை விவரிக்கின்றது. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி படம் வரைவதற்கான செய்நிரலைத் தானே எழுதினாள். பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் மின்சுற்றுக்களை வரைவதற்கான செய்நிரலை அமைத்தான். அட்டை மாதிரியினுள் ஈயக்குண்டு இருந்த இடத்தில், இப்பொழுது பிள்ளைகளின் கைவேலை இருந்தது.

இதற்குப்பின் வரலாறு வணிகத்தின் வழியே சென்றது. 1979 இல் அப்பிள் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டீவ் ஜொப்ஸ் அந்நிலையத்துக்குச் சென்று, திரைக் காட்சிகளையும் சுட்டியையும் கண்டார். 1981 இற் செரொக்ஸ் நிறுவனம் 'ஸ்டார்' என்னும் கணினியை 16,595 டொலர் விலைக்கு விற்பனைக்குக் கொணர்ந்தது, வாங்குவோர் சிலரே. 1984 இல் அப்பிள் நிறுவனத்தின் 'மக்கின்டோஷ்' 2495 டொலர் விலையில் வெளிவந்தது. திரையும், சாளரங்களும், சுட்டியும் உலகெங்கும் பரவின. ஆயினும், பிள்ளை தன் உலகத்தின் விதியைத் தானே எழுதும் அப்பகுதி பின்னே நின்றுவிட்டது. வாங்கும் நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதவும் கணக்குப் பதியவும் கணினி போதியதாயிருந்தது. செய்நிரல் எழுதுவது வேறொரு தொழிலாளரின் வேலை எனக் கருதப்பட்டது.

2010 ஆம் ஆண்டில் அந்நிறுவனமே 'ஐபேட்' என்னும் கைப்பலகைக் கணினியை வெளியிட்டது. அதன் நிறை ஏறத்தாழ ஒன்றரை இறாத்தல். தொடக்க விலை 499 டொலர். 38 ஆண்டுகளுக்கு முன் அலன் கே குறித்த 500 டொலருக்கு ஒரு டொலர் குறைவு! 1972 இன் டொலரும் 2010 இன் டொலரும் ஒரே மதிப்புடையன அல்ல. 2010 இன் டொலர் மிகவும் மலிந்தது. ஆதலின், நிறையிலும் விலையிலும் கனவு முற்றாக நிறைவேறியது மட்டுமன்று, மிஞ்சியும்விட்டது. ஆயினும் அதே ஆண்டில் வேறொன்றும் நிகழ்ந்தது. பப்பேட்டின் வழிவந்த அறிஞர்கள் மசாசூசெற்சில் 2007 இல் வெளியிட்ட 'ஸ்கிராச்' என்னும் எளிய மொழியிலே உலகின் பல நாட்டுப் பிள்ளைகள் கதையும் விளையாட்டும் எழுதிவந்தனர். அவ்வாறு எழுதியவற்றை அந்நிறுவனத்தின் கைக்கருவிகளிற் காட்டும் மென்பொருள் ஒன்று, விற்பனை விதிகளுக்கு முரணானது என 2010 ஏப்ரல் மாதத்தில் விலக்கப்பட்டது. அவ்விதிகள் பின்னர் தளர்ந்தன. பிள்ளைகளுக்கான செய்நிரல் மென்பொருள்களும் அக்கருவிகளுக்கு வந்தன. எனினும், அந்த ஒரு நிகழ்ச்சி, கருவி வந்தும் அதன் கருத்து வந்துசேரவில்லை என்பதை விளக்கப் போதுமானது.

கருவியை மலிவாக்கிப் பிள்ளைகளுக்கு வழங்கினாற் கருத்தும் உடன் வரும் என நம்பியோரும் உளர். நிக்கலஸ் நெக்ரொபொன்டே என்பவர் 2005 இல் நூறு டொலர் மடிக்கணினி என்னும் திட்டத்தை அறிவித்தார். பப்பேட்டும் அலன் கேயும் அதற்குத் துணைநின்றனர். 2007 முதற் பல நாடுகளின் ஏழைப் பிள்ளைகள் கையில் அக்கணினிகள் சேர்ந்தன. தென்னமெரிக்காவிலே பெரு நாட்டில், 319 கிராமப் பாடசாலைகளை வைத்து நிகழ்ந்த ஆராய்ச்சியின் முடிவு 2012 இல் வெளிவந்தது. பிள்ளைகளின் பொதுவான சிந்தனைத் திறனிற் சிறிது முன்னேற்றம் காணப்பட்டது. கணிதத்திலும் மொழியிலும் கணினியினால் முன்னேற்றம் ஏற்பட்டதற்குச் சான்று காணப்படவில்லை. அலன் கே நெடுங்காலமாகக் கூறிவரும் உவமை ஒன்று இதனை விளக்கும். ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒரு பியானோவை வைத்துவிட்டாற் பிள்ளைகள் இசைவாணர் ஆகிவிடுவரோ? இசை பியானோவினுள் இல்லை. இசையைக் கற்பிப்பவரும், கேட்பவரும், பழகுவதற்குரிய காலமும் இல்லாதவிடத்துப் பியானோ ஒரு மரப்பெட்டியே.

மூவரின் கனவையும் ஒருங்கே நோக்குமிடத்து ஒரு பொதுமை புலப்படும். புஷ்ஷின் மேசையில் வாசிப்பவர் பாதை வெட்டினார். எங்கல்பார்ட்டின் திரையிற் பயில்பவர் கருவியோடு சேர்ந்து தாமும் வளர்ந்தார். அலன் கேயின் புத்தகத்திற் பிள்ளை சூரியனைச் செய்தது. மூவரும் கண்ட கருவி, கொடுப்பதைப் பெற்றுக்கொள்பவனுக்காக அமைந்தது அன்று. தானும் ஒன்றைச் செய்து கொடுப்பவனுக்காக அமைந்தது. தமிழில் 'எழுத்தறிவு' என்னும் சொல் வாசிப்பையும் எழுதுவதையும் ஒருங்கே குறிக்கும். பிறர் எழுதியதை வாசிக்க மட்டும் தெரிந்து, தன் பெயரைத்தானும் எழுதத் தெரியாதவனை எழுத்தறிவுடையான் என உலகம் கூறாது. கணினித் திரையில் நாள்தோறும் படம் பார்த்தும், பிறர் செய்த விளையாட்டை விளையாடியும் பொழுதுபோக்கும் பிள்ளைக்கு, அந்தப் புதிய எழுத்தறிவிற் பாதியே கிடைத்துள்ளது. பாதி அறிவுக்கு ஆபத்தும் உண்டு. எழுதத் தெரியாதவன் பிறர் எழுதியதற்குக் கைநாட்டு வைப்பவன் ஆவான்.

ஆகவே, இலட்சியக் கணினி செய்யப்பட்டாயிற்றா என்னும் வினாவுக்கு விடை, அட்டையும் ஈயக்குண்டும் அளந்த அளவில், ஆம் என்பதே. ஆனால் அலன் கேயின் கதையில் இருந்தது கருவி ஒன்று மட்டும் அன்று. அங்கே ஒரு புற்றரை இருந்தது. ஐயத்தைப் பகிர்ந்துகொள்ள ஒரு தோழமை இருந்தது. தேடுவோருக்குத் திறந்த ஒரு நூலகம் இருந்தது. விடை தெரிந்திருந்தும், பிள்ளைகள் தாமே கண்டறியட்டும் எனப் பொறுத்திருந்த ஓர் ஆசிரியர் இருந்தார். இவற்றுள் 499 டொலருக்கு வாங்கக்கூடியது ஒன்றே. எஞ்சியவற்றைச் செய்துகொடுக்கும் கடமை, எக்காலத்தும் போல, பெற்றோரிடமும் ஆசிரியரிடமுமே இருக்கின்றது.